அம்மாவின் சேவைக்காலப் பணத்துக்கு வட்ஸ்அப் வழக்கு தேவையா?

கேள்வி: அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 27 வருடம் கொழுந்து பறித்தார். 60 வயதில் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது, சேவைக்காலப் பணம் இன்னும் வரவில்லை. ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரர், கொழும்புச் சட்டத்தரணி ஒருவர் மூலம் வட்ஸ்அப்பிலேயே வழக்குப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். முற்பணம் 25,000 ரூபா, காசு வந்ததும் 20 வீதம். பீ கார்ட் (ஊழியர் சேமலாப நிதி அட்டை), அடையாள அட்டை இரண்டின் மூலப் பிரதிகளும், வெறுந்தாள் இரண்டில் அம்மாவின் கையெழுத்தும் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு மகள், நோர்வூட்

பதில்: கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள். அம்மாவுக்காக நீங்கள் வழக்கே போட வேண்டியதில்லை. தொழில் திணைக்களத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்தால் போதும், அதற்குக் கட்டணமும் இல்லை.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை கொடுத்தே ஆக வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நீங்கள் சேவைக்காலப் பணம் என்று சொல்வதும் இதைத்தான். வேலையை விட்டு 30 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். நாட்சம்பளக்காரருக்குக் கணக்கு சுலபம்: கடைசியாக வாங்கிய நாட்சம்பளத்தை 14ஆல் பெருக்கி, முடித்த வருடங்களால் மறுபடி பெருக்குங்கள். நாட்சம்பளம் 1,350 ரூபா என்றால் வருடத்துக்கு 18,900 ரூபா, 27 வருடத்துக்கு 510,300 ரூபா. தோட்ட ஆபீசில் இதைவிடக் குறைத்துச் சொன்னால், எந்தச் சம்பளத்தை வைத்து, எத்தனை வருடத்துக்குப் போட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிழை இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.

பிந்திய காலத்துக்கும் சட்டம் மேலதிகத் தொகை வைத்திருக்கிறது: 10 வீதத்தில் தொடங்கி 30 வீதம் வரை ஏறும். ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள் என்றால் 25 வீதம். மேலே சொன்ன தொகைக்கு அது 127,575 ரூபா. கடைக்காரர் கேட்கும் 20 வீதமோ 102,060 ரூபா. எட்டு மாதம் காத்திருந்ததற்காக அம்மாவுக்குச் சட்டம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அவர் பைக்குப் போகும்.

சட்ட வேலை நடக்கும் விதம் மலையகத்தில் மாறிவிட்டது உண்மை. முன்பு புரக்டர் ஐயாவின் (சட்டத்தரணியின்) ஆபீஸ் வாங்கில் அரை நாள் உட்கார வேண்டும். இப்போது கடிதம் அடிப்பது, ஸ்கேன் எடுப்பது, சட்டத்தரணியோடு பேசுவது எல்லாமே பஸ் நிலையத்துக் கடையில் முடிகிறது. தூரத் தோட்டத்து ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் மிஞ்சும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடுவில் நிற்பவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. சட்டத்தரணி பிழை விட்டால் உயர் நீதிமன்றம் வரை அவர்மேல் முறையிடலாம். கடைக்காரர் பிழை விட்டால் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார். உண்மையிலேயே சட்டத்தரணி தேவைப்படும் நாள் வந்தால் அவருடைய முழுப் பெயரைக் கேளுங்கள், அவரோடு நேரடியாகப் பேசுங்கள், பற்றுச்சீட்டை அவர் பெயரில் வாங்குங்கள்.

வெறுந்தாள்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. கீழே கையெழுத்து இருக்கும் தாளின் மேற்பகுதியில் ‘பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று அடிக்க இரண்டு நிமிடம் போதும். தோட்ட ஆபீசில் தவணையாகக் காசு தந்தாலும் இதே கவனம் வேண்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் அம்மா தன் கையாலேயே தொகையையும் திகதியையும், ‘பகுதிக் கொடுப்பனவு மட்டும்’ என்பதையும் எழுதட்டும். அடையாள அட்டைப் பிரதி கொடுப்பதானால், குறுக்கே ‘பணிக்கொடை முறைப்பாட்டுக்கு மட்டும்’ என்று பேனாவால் எழுதி, எழுத்து படத்தின் மேலும் ஓடும்படி செய்யுங்கள்.

இன்னொரு பொறி கைத்தொலைபேசியில் இருக்கிறது. தமிழில் கேட்டால் இந்தியச் சட்டம்தான் முன்னால் வருகிறது. 15 நாள் சம்பளம், 26ஆல் வகுத்தல் என்றெல்லாம் கண்டால் அது இந்தியக் கணக்கு. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கடிதங்களிலும் அதே பிழை வருகிறது. அப்படி ஒரு கடிதம் போனால், கணக்கே தெரியாதவர் எழுதியது என்று தோட்டத்துத் தரப்பு ஒதுக்கிவிடும்.

கடைக்காரர் ‘ஆறு மாதம் தாண்டிவிட்டது, அவசரம்’ என்று பயமுறுத்தியிருப்பார். அந்த ஆறு மாதம் தொழில் நியாயசபைக்கு உரியது. வேலையிலிருந்து நீக்கியது அநியாயம் என்று அங்கே போகிறவர், நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அம்மா வயது வந்து ஓய்வு பெற்றவர், பணிக்கொடையைத் தொழில் ஆணையாளரிடம் கேட்கிறார். இரண்டும் வேறு வேறு வழி. ஆனால் ஓய்வுக் கடிதத்தை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். ‘ஓய்வு’ என்றில்லாமல் ‘சேவை முடிவுறுத்தல்’ என்றோ ‘வேலையைக் கைவிட்டார்’ என்றோ இருந்தால் கதை மாறிவிடும். சுகமில்லாமல் சில வாரம் பிரட்டுக்குப் (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகாதவரின் பெயரை வெட்டிவிட்டு, அதையே ஓய்வு என்று வாயால் சொல்லி அனுப்புவதும் உண்டு. அம்மாவுக்கு அப்படி நடந்திருந்தால் நியாயசபை வாசலில் எட்டு மாதம் என்பது பிந்திய காலம்தான், அப்போது சட்டத்தரணி ஒருவரைக் கட்டாயம் பாருங்கள். அந்த நிலையிலும் பணிக்கொடைக் கோரிக்கை செத்துப்போகாது.

முறைப்பாட்டுக்கு ஓய்வுக் கடிதம், கடைசிச் சம்பளத் துண்டுகள், அடையாள அட்டை, பீ கார்ட் ஆகியவற்றின் பிரதிகள் போதும். செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ‘லெச்சுமி’, அடையாள அட்டையில் ‘லட்சுமி’ என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள். இது இல்லாமல் போய்த் திரும்பி வருவதில்தான் மாதங்கள் கரைகின்றன. சந்தா கட்டிய தொழிற்சங்கம் இருந்தால் மாவட்டக் காரியாலயத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், அது அவர்கள் கடமை. தோட்டம் அசையாவிட்டால் ஆணையாளரே நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, தண்டப்பணம் போல அறவிடலாம்.

தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அப்படியிருந்தும் சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்பி, அதை வாசிக்கவே ஒரு தரகரிடம் ஓட வைக்கும் காரியாலயங்கள் இன்னும் இருப்பது வெட்கக்கேடு. அப்படி ஒரு கடிதம் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்டுத் திருப்பி எழுதுங்கள். எதையும் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைப் பீ கார்டோடு சேர்த்து வையுங்கள்.