இடைக்கால அரபு–யூத இசையை ஜாஸில் வாசிக்கும் குழுக்கள் கேட்கத் தகுந்தவையா, எல்லாம் வெறும் ஃபியூஷன்தானா?

பலவும் வெறும் ஃபியூஷன்தான். தொடக்கத்தில் கொஞ்சம் ஊத் (அரபு நரம்பு வாத்தியம்), நடுவில் வழக்கமான ஜாஸ், முடிவில் மறுபடி ஊத். அப்படிப்பட்டவற்றை நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். ஓமெர் அவிட்டாலின் நியூ ஜெருசலேம் ஆர்க்கெஸ்ட்ரா அந்த ரகம் இல்லை.

அவிட்டால் டபுள் பேஸ் என்னும் ஆளுயர நரம்பு வாத்தியம் வாசிப்பவர். மொராக்கோ, ஏமன் வழிவந்த குடும்பம். 1971இல் இஸ்ரேலில் பிறந்து, 90களில் நியூயார்க்கின் ஸ்மால்ஸ் என்ற ஜாஸ் கிளப்பில் பெயர் எடுத்தார். அப்புறம் ஊர் திரும்பி ஊத்தும் அரபு இசையும் கற்றுக்கொண்டார். ஆனால் இந்தக் குழுவின் உயிர் ரப்பி (யூத மத குரு) ஹாயிம் லூக்கின் குரலில் இருக்கிறது என்பேன். காசாப்ளாங்காவில் பிறந்தவர், பாடுவது பியூட் என்னும் எபிரேய பக்திப் பாடல்கள்.

லூக் பாடும் மரபின் வேர் முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் டுனாஷ் பென் லப்ராட் என்ற கவிஞர் பாக்தாத்தில் படித்துவிட்டு கோர்டோபாவுக்கு வந்து, அரபு யாப்பில் எபிரேயக் கவிதை எழுதினார். வேத மொழியைக் கெடுக்கிறார் என்று அன்றைக்கே பெரிய சண்டை! அவர் பாட்டு ஒன்றை யூதர்கள் இன்றும் சப்பாத் (வாராந்திர ஓய்வுநாள்) விருந்தில் பாடுகிறார்கள். 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபோது நிறையப் பேர் மொராக்கோ போனார்கள். அங்கே முஸ்லிம்கள் காத்துவந்த அந்தலூசிய இசையின் (அந்தப் பழைய ஸ்பெயின் வழிவந்த இசை) மெட்டுகளிலேயே எபிரேயப் பாடல்களும் வளர்ந்தன. குளிர்காலச் சப்பாத் நாட்களில் விடிவதற்கு முன்பே ஜெப ஆலயத்தில் கூடிப் பாடும் வழக்கத்துக்கு பக்காஷோத் என்று பெயர். சப்பாத்தில் வாத்தியத்தைத் தொடக்கூடாது. அதனால் அங்கே எல்லாமே குரல்தான்.

என்னைப் பிடித்து இழுத்தது இந்த இடம். குரலை மட்டும் நம்பி வளர்ந்த ஓர் இசைக்கு, மேடையில் பேஸும் டிரம்ஸும் என்ன செய்ய முடியும்? லூக் மவ்வால் பாடும்போது கவனியுங்கள். தாளம் இல்லாமல் வரிகளை இழுத்து, வளைத்துப் பாடுவது. நம் விருத்தம் மாதிரி. அதன்பின் மூன்று மூன்றாக ஓடும் மொராக்கோவின் 6/8 தாளம் உள்ளே வரும்போது முட்டல் மோதலே இல்லை. ஜாஸின் ஸ்விங் என்னும் ஆடும் நடையிலும் ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்றுதானே ஓடுகிறது!

பியானோவும் தப்பித்துக்கொள்கிறது. மொராக்கோ அந்தலூசிய இசையில், இரண்டு பியானோ கட்டைகளுக்கு நடுவில் விழும் சுரங்கள் இன்று அநேகமாக இல்லை. ஈராக்கின் மகாம் (நம் ராகம் மாதிரி) இசையில் அவைதான் எல்லாமே. அந்தப் பக்கம் போக விரும்பினால் டிரம்பெட் கலைஞர் அமீர் எல்சஃபாரின் டூ ரிவர்ஸ் குழு இருக்கிறது. அதில் பியானோவே கிடையாது. அந்த நடு சுரங்களை அவர் டிரம்பெட்டிலேயே பிடிக்கிறார். குழு யூதக் குழு இல்லைதான். ஆனால் ஈராக்கின் மகாம் இசையில் யூதர்களுக்கும் பெரிய பங்கு உண்டு: 1932 கெய்ரோ அரபு இசை மாநாட்டில், ஈராக் பாடகர் முகம்மது அல் குபாஞ்சியுடன் வாசித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே பாக்தாத் யூதர்கள். 1951 வாக்கில் அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். எல்சஃபார் குழுவின் 2007 ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்தவர் ருத்ரேஷ் மகந்தப்பா. கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து ஆல்பம் போட்ட அதே ஆள்.

முதலில் லூக், பிறகு எல்சஃபார் என்று போங்கள். மாற்றிக் கேட்டால் ஸ்ருதி சேரவில்லையோ என்று தோன்றி மூடிவிட வாய்ப்பு உண்டு.