நெல்லுக்கு ஆதரவு விலை உண்டு, மரவள்ளிக்கு ஏன் இல்லை?

குறைந்தபட்ச ஆதரவு விலை என்பது, சந்தை சரிந்தாலும் இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஒன்றிய அரசு முன்கூட்டியே அறிவிப்பது. நெல், கோதுமை உட்பட 22 பயிர்களுக்கு உண்டு. சேலம் மாவட்டத்து ஆத்தூர் பக்கம் வயல் வயலாக நிற்கும் மரவள்ளி அதில் இல்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தைப் பார்த்து 'பாயிண்ட்' சொல்வார்களே, அதை வைத்துத்தான் விலை.

காரணம்? ரேஷனுக்கு அரிசி வேண்டும், நகரத்தில் அரிசி விலை ஏறினால் ஆட்சியே ஆட்டம் காணும், அதோடு நெல் விவசாயிகள் பல மாநிலங்களில் ஓட்டாகத் திரண்டு நிற்கிறார்கள், மரவள்ளிக்காரர்களோ பெரும்பாலும் தென்மாநிலங்களோடு சரி. பந்தியில் பரிமாறுகிறவர் தெரிந்தவராக இருந்தால் கடைசி இலைக்கும் வடை வரும், அந்தக் கதைதான்.

பலர் நினைப்பதுபோல பட்டியலில் இருந்தாலே அந்த விலை கைக்கு வந்துவிடாது. தனியார் வியாபாரி அதைக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை, அரசு கொள்முதல் செய்தால்தான் உண்டு.