ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குப் போகிறவர்கள் கேட்டவை

மாநாட்டைச் சாக்காக வைத்து மூன்று தடவை ஸ்டாக்ஹோம் போய்வந்திருக்கிறேன்: இரண்டு தடவை ஜூனில், ஒரு தடவை டிசம்பரில். அடுத்து போகவிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: நான்கு நாள் மாநாடு. ஒரே ஒரு மதியம்தான் ஓய்வு. எங்கே போகலாம்?

வாசா அருங்காட்சியகம். இரண்டாவது யோசனையே வேண்டாம். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்ட வாசா என்ற போர்க்கப்பல், சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. 64 பீரங்கிகள், மேல்பாரம் அதிகம். வேடிக்கை என்னவென்றால், புறப்படும் முன்பே சோதித்திருக்கிறார்கள். 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆட, தளபதி 'போதும், நிறுத்து' என்று சோதனையை முடித்துக்கொண்டார். கப்பல் மட்டும் குறித்தபடி கிளம்பியது. நான் உட்கார்ந்திருந்த சில திட்ட மறுஆய்வுக் கூட்டங்கள் ஞாபகம் வந்தன.

1961இல் வெளியே எடுத்தார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே வாழாது. அதனால்தான் 333 வருடம் தண்ணீருக்குள் கிடந்தும் மரம் தப்பியது. நேராகக் கப்பலின் பின்புறம் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். சிங்கம், வீரர்கள், அரசர்கள் என்று கோபுரம் மாதிரி அடுக்கடுக்காகச் சிற்பம். மரத்துக்காக உள்ளே குளிராகவே வைத்திருப்பார்கள், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு அமர்வு முடியவே மாலை ஐந்தரை ஆகிவிடும். அதற்குமேல் என்ன பார்க்க?

எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. ஜூன் என்றால் இரவு பத்து மணிவரை சூரியன் இருக்கும். அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், ஊர் திறந்தே கிடக்கும். பழைய நகரமான காம்லா ஸ்தானில் கால்போன போக்கில் நடங்கள். அங்கே மோர்டன் ட்ரோட்சிக் சந்து, குறுகிய இடத்தில் 90 செ.மீ. அகலம்தான். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். பிறகு தெற்கே மேட்டில் உள்ள மொன்டேலியுஸ்வேகன் நடைபாதை: காசு கிடையாது, ஏரியும் நகர மண்டபமும் முழுசாகத் தெரியும்.

டிசம்பர் என்றால் மதியம் மூன்றுக்கு முன்பே சூரியன் போய்விடும். மதிய இடைவேளையிலேயே நழுவிவிடுங்கள்.

கேள்வி: சர் சி.வி. ராமன் நோபல் பரிசு வாங்கிய இடத்தைப் பார்க்க ஆசை. நகர மண்டபம்தானே?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விருந்துதான் நகர மண்டபத்தில். 1930இல் ராமனும், 1983இல் சந்திரசேகரும், 2009இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் பரிசு வாங்கியது ஹோட்டோரியட் சதுக்கத்தில் உள்ள இசை அரங்கில். நீல நிறக் கட்டடம். வாசலிலேயே பூ, பழம், காய்கறிச் சந்தை. முதல் தடவை அது என்ன கட்டடம் என்று தெரியாமல், ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு கடந்துபோனவன் நான்.

நகர மண்டபத்தையும் விடாதீர்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே போகமுடியும். அங்கே 'நீல மண்டபம்' செங்கல் நிறத்தில் இருக்கும். நீலம் பூசத்தான் திட்டம். செங்கலின் அழகைப் பார்த்ததும் கட்டடக் கலைஞர் மனம் மாறிவிட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் நிகழ்ச்சிநிரலில் நகர மண்டப வரவேற்பு என்றிருந்தால், எவ்வளவு களைப்பானாலும் போங்கள்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. வார நாட்களில் 'தாகென்ஸ் லுன்ஷ்' என்று மதியச் சாப்பாடு பல உணவகங்களில் உண்டு. சாலட், ரொட்டி, காபி பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கும். இரவில் அதே உணவகம் பர்ஸைக் காலி செய்துவிடும், அதனால் மதியம் நன்றாகச் சாப்பிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் 'ஃபில்மியோல்க்' என்று அட்டைப்பெட்டியில் விற்பது ஏறக்குறைய நம் தயிர்தான், கொஞ்சம் தளர்ந்த பதம். டிசம்பர் பயணத்தில் அறையில் சோற்றோடு பிசைந்து ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டேன். ஏலக்காய் பன் அங்கே பிரமாதம். பொடித்த ஏலக்காய் மேலே தூவியே இருக்கும்.

கேள்வி: குரோனாவாக எவ்வளவு மாற்றிக்கொண்டு போகவேண்டும்?

மாற்றவே வேண்டாம். கார்டு போதும், பல கடைகளில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். முதல் பயணத்தில் மாற்றிய நோட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

கேள்வி: சுரங்க ரயில் நிலையங்களே ஓவியக்கூடம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. டி-சென்ட்ராலனில் நீலக்கொடி படர்ந்த குகை, சொல்னா சென்ட்ரும் நிலையத்தில் ரத்தச் சிவப்புக் கூரை. ஒற்றை டிக்கெட் 75 நிமிடம் செல்லும், அதற்குள் ஏறி இறங்கி நாலைந்து பார்த்துவிடலாம். ஸ்லுசனிலிருந்து, வாசா அருங்காட்சியகம் இருக்கும் யூர்கோர்டன் தீவுக்குப் போகும் 82ஆம் எண் படகுக்கும் அதே டிக்கெட்தான். வாசாவுக்கு அந்தப் படகில் போங்கள்.

கேள்வி: அண்ணா, ஒரு அமர்வுக்கு மட்டும் மட்டம் போடலாமா?

உங்கள் கட்டுரை எந்த அமர்வில், தம்பி? அது இல்லையென்றால் சரி. ஆனால் கழுத்தில் தொங்கும் மாநாட்டு அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாசா கப்பல் முன்னால் அட்டையோடு நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றவர் எங்கள் அமர்வுத் தலைவர். அவர் அட்டையைக் கழற்றியிருந்தார்.