கத்தோலிக்கச் சிந்தனையில் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்ன? மாணவர்களைப் பக்தர்களாக்குவதா?

இல்லை, குறைந்தபட்சம், இதை மிக ஆழமாக ஆராய்ந்த ஆங்கிலேயக் கத்தோலிக்கச் சிந்தனையாளர் ஜான் ஹென்றி நியூமன் அப்படிக் கருதவில்லை. டப்ளினில் 1854-இல் திறக்கப்பட்ட கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் அதிபரான அவர், 1852-இல் அந்நகரில் ஆற்றிய உரைகளில், பல்கலைக்கழகம் அனைத்து அறிவையும் கற்பிக்கும் இடம் என்றும், அதன் நேரடி நோக்கம் அறவொழுக்கமோ தொழிற்பயிற்சியோ அன்று, பண்பட்ட அறிவாற்றலே என்றும் வாதிட்டார்.

அப்படியானால் இறையியல் எதற்கு? கடவுளைப் பற்றிய அறிவும் அறிவே என்பதால், அதை விலக்கினால் அந்த வெற்றிடத்தைப் பிற துறைகள் தம் எல்லை மீறி நிரப்பிக்கொள்ளும் என்றார் அவர். செல்வம் சேர்க்கும் முயற்சியே ஒழுக்க மேம்பாட்டின் பெரும் ஊற்று என்று ஒரு பொருளியல் பேராசிரியர் அறிவித்ததை அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார். அவருடைய வாதங்களில் வலுவானது இதுவே என்பேன்.

நியூமன் பெரிதும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள அறிஞர் கழகங்களுக்கு விட்டுவிட்ட ஆய்வுப் பணியை, கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990-இல் வெளியிட்ட ‘எக்ஸ் கோர்தே எக்ளேசியே’ என்ற ஆவணம் மையத்துக்குக் கொண்டுவந்தது. கல்விச் சுதந்திரத்தை ஏற்கும் இவ்வாவணம், கத்தோலிக்க இறையியல் ஆசிரியர்கள் கற்பிப்பதற்குத் திருச்சபையின் ஆணையுரிமை பெற வேண்டும் எனவும் கோருவதால், அமெரிக்காவில் நீண்ட சர்ச்சை எழுந்தது.