ஐப்பசி முதல் தை வரை: பறவை பார்ப்போர் கேட்கும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழையோடு தமிழகத்தின் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறவைகள் வந்து சேரும் காலம் இது. விடுமுறை நாள்களில் பறவை பார்க்கவும் இயற்கை நடைக்கும் புறப்படும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

எங்கள் ஊர் ஏரி இவ்வாண்டு நிரம்பிக் கலங்கல் போகிறது. ஆனால் வழக்கமாக வரும் வாத்துகளையும் உள்ளான்களையும் காணவில்லை. மழை பொய்த்த ஆண்டில்கூட இதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். என்ன காரணம்?
*வாசகர், உத்திரமேரூர் வட்டம்*

ஏரி நிறைந்திருப்பதுதான் காரணம். நீர்ப்பறவைகளுக்கு ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதே முக்கியம். கொசு உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறு பறவைகள் ஈரச் சேற்றிலும், அதை ஒட்டிய ஓரிரு அங்குல நீரிலும் மட்டுமே இரை தேடக் கூடியவை. பவளக்காலியும் நெடுங்கால் உள்ளானும் இன்னும் சற்று உள்ளே இறங்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவை முழுவதுமாக மூழ்கி இரை தேடும் வழக்கமுடையவை அல்ல. நீர்ப்பரப்பை அலகால் அரித்தோ, தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கிக் கழுத்து எட்டும் ஆழத்திலோதான் மேயும். முழுக் கொள்ளளவில் இருக்கும் ஏரியில் இவற்றுக்குச் சேறும் இல்லை, ஆழம் குறைந்த நீரும் அதிகம் இல்லை. அப்போது நம் கண்ணில் படுபவை நீர்க்காகம், முக்குளிப்பான், கூழைக்கடா போன்ற, ஆழம் ஒரு தடையாக இல்லாத பறவைகளே.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல மழை பெய்த ஆண்டில் ஒவ்வொரு குட்டையிலும் தாங்கலிலும் நெல் வயலிலும் தண்ணீர் நிற்பதால் பறவைகள் மாவட்டம் முழுவதும் பரவிவிடுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் நீங்கள் கண்ட பெருங்கூட்டம், போவதற்கு வேறு இடமில்லாமல் உங்கள் ஏரியில் ஒடுங்கிய கூட்டமாக இருந்திருக்கக் கூடும். அதைச் செழிப்பு என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே ஏரிக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். பாசனத்துக்கு மதகு திறந்து நீர்மட்டம் இறங்க இறங்க, மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும், ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் பக்கத்தில் சேறு வெளிப்படும்; உள்ளான்கள் அங்கேதான் வந்து இறங்கும். மதகுப் படிக்கட்டில் எத்தனை படிகள் வெளியே தெரிகின்றன என்பதை ஒவ்வொரு முறையும் பறவைப் பட்டியலோடு சேர்த்து எழுதி வையுங்கள். எந்த மட்டத்தில் எந்தப் பறவை வருகிறது என்பதை இரண்டு பருவங்களில் உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியும். உங்கள் பகுதியில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் ஏரிக்கரைகள் பெரும்பாலும் கிழக்குப் புறத்தில் இருக்கின்றன. காலையில் கரைமேல் நின்று பார்த்தால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் எதிர்ப்புறமான வரத்துக்கால் பக்கம் போவது நல்லது.

வேடந்தாங்கலுக்கு வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வருகின்றன என்று பள்ளியில் படித்தோம். எந்த மாதம் போனால் அவற்றைக் கூட்டில் பார்க்கலாம்?
*வாசகி, திருப்பூர்*

நம்மில் பலர் இப்படித்தான் படித்திருக்கிறோம். ஆனால் வேடந்தாங்கலில் கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகள். நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியவை மழைக்கும் இரைக்கும் ஏற்ப நாட்டுக்குள்ளேயே இடம் மாறி, ஏரி நிரம்பியதும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. மரத்தைச் சுற்றி நீர் நிற்பது தரைவழி வரும் விலங்குகளிடமிருந்து குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே கூடு கட்டுவதில்லை. அவை அங்குள்ள கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, பனி மூடும் காலத்தில் உணவுக்காக மட்டும் இங்கு வந்து, பங்குனி வாக்கில் திரும்பிவிடும்.

இந்த வேறுபாடு நம் பொறுப்பையும் மாற்றுகிறது. கூடு கட்டும் பறவைக்கு இரண்டு மூன்று மாதங்கள் அந்த மரமும், அதைச் சூழ்ந்த நீரும், குஞ்சுகளுக்கு இரை கொடுக்கும் சுற்றுவட்டார வயல்களும் வேண்டும். குளிர்காலத்தைக் கழிக்க வரும் வாத்துக்குக் கலைக்கப்படாமல் மேயவும் உறங்கவும் இடம் வேண்டும். இதில் எது குறைந்தாலும் அதை ஈடுகட்ட வேடந்தாங்கல் ஏரி ஒன்றால் மட்டும் இயலாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் கூடுகளையும் குஞ்சுகளையும் பார்க்கலாம். மாலையில் இரை தேடித் திரும்பும் நேரம் மிகச் சிறந்தது. தொலைநோக்கியில் ஒரே ஒரு மரத்தை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். தாய்ப்பறவை வந்து இறங்கியதும் குஞ்சுகள் அலகை மோதிக் கொண்டு கெஞ்சுவதும், அது அரைகுறையாகச் செரித்த மீனைக் கூட்டின் நடுவே கக்குவதும் தெரியும். வலசை வாத்துகளைப் பார்க்க அருகிலுள்ள கரிக்கிலி ஏரி ஏற்றது.

வேடந்தாங்கல் ஊர் மக்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே இப்பறவைகளுக்குக் காவல் நின்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்திருந்த அவர்கள் கேட்டுக் கொண்டதன்பேரில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே சுடக் கூடாது என்று 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ் ஆணையிட்டார். 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

அக்டோபரில் ஒருநாள் காலை, எங்கள் அடுக்ககத்தின் மாடத்தில் பச்சை, நீலம், சிவப்பு எனப் பல நிறங்கள் கொண்ட ஒரு குறுவால் பறவை பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடியும் வந்தால் என்ன செய்ய வேண்டும்?
*வாசகி, சென்னை*

நீங்கள் கண்டது ஆறுமணிக்குருவி. சில ஊர்களில் பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை, செப்டம்பர் முதல் நவம்பருக்குள் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. இரவில் பறப்பதால் நகர விளக்குகளில் திகைத்துக் கண்ணாடிச் சன்னல்களில் மோதிக் கொள்கிறது, அல்லது களைத்துப்போய் மாடியில் இறங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் இதே வாரங்களில் இது நிகழ்கிறது.

ஒரு மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, பூனையும் காகமும் அணுகாத, சத்தமில்லாத, இருட்டான இடத்தில் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழலுக்குள் போய்ப் பறவை இறந்துவிடும். சோறும் ரொட்டியும் வேண்டாம். பெரும்பாலும் சில மணி நேர ஓய்வில் தெளிந்துவிடும். பிறகு, புதரும் சருகும் உள்ள தோட்டத்தில், தரையருகே பெட்டியைத் திறந்து வைத்தால் தானாகவே வெளியேறும். இறக்கை தொங்கினாலோ இரத்தம் தெரிந்தாலோ உடனே வனத்துறைக்கோ விலங்கு நல அமைப்புக்கோ தெரிவியுங்கள். அழகாக இருக்கிறதென்று வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அக்டோபரில் இரவு நேரத்தில் மாடி விளக்குகளை அணைத்து வைப்பது மிகப் பெரிய உதவி.

முதன்முதலாகத் தொலைநோக்கி வாங்கப் போகிறேன். கடைக்காரர் 20 மடங்கு பெரிதாக்குவதே சிறந்தது என்கிறார். சரியா?
*வாசகர், ஈரோடு*

வேண்டாம். 8×42 என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன்புறக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பு சுருங்கும். பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். மூக்குக் கண்ணாடி அணிபவராக இருந்தால், அணிந்தபடியே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உங்களுக்கு வெள்ளோடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயே பழகத் தொடங்கலாம்.

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மாணவர்களை இயற்கை நடைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். வடுவூர் ஏரிக்குப் பேருந்து ஏற்பாடு செய்வதா, ஊருக்குள்ளேயே நடப்பதா? பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?
*வாசகி, மன்னார்குடி வட்டம்*

முதல் சில நடைகளை ஊருக்குள்ளேயே வைத்துக் கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. முதல் நடையிலேயே பெரிய சரணாலயத்துக்குப் போகும் குழந்தை, தொலைவில் வெள்ளையாகத் தெரியும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறது. ஊர் வயலில் அதே நாரையைப் பத்தடித் தொலைவில் பார்க்கலாம். நத்தைக்குத்தி நாரை சேற்றில் துழாவி ஒரு நத்தையை எடுப்பதையும், அலகின் நடுவே எப்போதும் மூடாத இடைவெளி இருப்பதையும் காட்டுங்கள். அது நத்தையின் ஓட்டை உடைப்பதில்லை. கீழ் அலகின் கூரிய நுனியை, ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடிக்குள் செலுத்தித் தசையை அறுத்து, உள்ளிருப்பதை மட்டும் உருவி விழுங்குகிறது. அது போன பிறகு வரப்போரத்தில் கிடக்கும் முழு ஓடுகளைப் பிள்ளைகளே பொறுக்கிப் பார்த்துக் கொள்ளட்டும்.

ஐப்பசியில் மின்கம்பியில் வரிசையாக அமரும் தகைவிலான்கள், வரப்பில் வாலை ஆட்டி ஓடும் மஞ்சள் வாலாட்டி, வேலிமுள்ளில் அமர்ந்து கரகரக்கும் பழுப்புக் கீச்சான் ஆகிய மூன்றும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள். இவற்றை அடையாளம் காணக் கற்றாலே முதல் மாதத்துக்குப் போதும். அறுவடை நெருங்கும்போது வயலின் மேல் தாழப் பறந்து வட்டமிடும் பூனைப்பருந்தைப் பார்க்கலாம். பறவை கிடைக்காத நாளில் தட்டான் கிடைக்கும். அக்டோபரில் பெருங்கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்பவை. இதைக் கேட்ட மாணவர் தட்டானின் வாலில் நூல் கட்டமாட்டார்.

காலை ஆறேகாலுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு மாணவருக்கு ஒரு பெரியவர் வேண்டும். வரப்பில் கண்ணாடி விரியன் இருக்கும் என்பதால் மூடிய காலணி கட்டாயம். புல் மறைத்த இடத்தில் முன்னே செல்லும் பெரியவர் கோலால் தட்டிக் கொண்டே போக வேண்டும். இடி கேட்டால் அந்த நிமிடமே திரும்பிவிட வேண்டும். கனமழைக்கு மறுநாள் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் இளகியிருக்கும், அன்று நடை வேண்டாம். வடுவூருக்குத் தை மாதத்தில், கண் பழகிய பிறகு கூட்டிச் செல்லுங்கள்.

பறவையை அருகே வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுகிறார்கள். இது சரியா?
*வாசகர், காரைக்குடி*

சரியன்று. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்ததாக எண்ணி அப்பறவை இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது. அந்த நேரத்தில் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இல்லை. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் செயலியைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஒலிபெருக்கிதான் கூடாது. உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. ஒரு படத்துக்காகப் பறவையை அலைக்கழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு அந்த ஊரைத்தான் நான் காட்டுவேன்.

கடற்கரையில் இறந்து கிடந்த ஓர் உள்ளானின் காலில் எண் பொறித்த வளையம் இருந்தது. அதை என்ன செய்வது?
*வாசகர், வேதாரண்யம்*

அது ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம். உங்களுக்கு அருகிலுள்ள கோடியக்கரையில் மும்பையின் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி நீண்ட காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. வளையத்தில் உள்ள எண்ணையும் எழுத்துகளையும் அப்படியே குறித்து, தெளிவாகப் படமெடுத்து, கண்ட நாளையும் இடத்தையும் சேர்த்து அந்நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வளையத்தில் வேறு நாட்டு முகவரி இருந்தாலும் அவர்களுக்கே தெரிவிக்கலாம். 20 முதல் 30 கிராம் எடையே உள்ள ஓர் உள்ளான் எங்கிருந்து எங்கே வந்தது என்பது இப்படிப்பட்ட தகவல்களால்தான் தெரிய வருகிறது. உயிருள்ள பறவையின் வளையத்தை ஒருபோதும் கழற்ற வேண்டாம்.

நான் எழுதி வைக்கும் பட்டியலால் யாருக்காவது பயன் உண்டா?
*வாசகர், திருநெல்வேலி*

நிச்சயமாக உண்டு. நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஒவ்வொரு பறவையின் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் இருந்தால் அது ஆய்வுக்கு உதவும் பதிவு. அதை, பறவை பார்ப்போரின் பதிவுகளைத் தொகுக்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எழுதுங்கள், ஏனெனில் இன்று மலிவாக இருப்பவற்றின் கணக்குத்தான் நாளைக்கு ஒப்பிட உதவும். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடைபெறும். வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று எண்ணினாலும் அதில் சேர்த்துக் கொள்வார்கள். உங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளம் சரணாலயத்துக்குப் பட்டைத்தலை வாத்துகள் வரும் நேரமும் அதுவே என்பதால், இமயத்தைத் தாண்டி வரும் அவற்றை எண்ண ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி வையுங்கள்.