ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்யுள் நயம் காணவும் கட்டுரை எழுதவும் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

தில்லி மயூர் விகாரில், வார இறுதிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். திரண்ட கருத்து, மோனை, எதுகை, அணி என்று தலைப்புகளை மனப்பாடம் செய்யவைத்து, எந்தப் பாடலையும் அவற்றுக்குள் அடைக்கச் சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பழகிய பிள்ளை ‘கவிஞர் உவமையை அழகாகக் கையாண்டுள்ளார்’ என்று எழுதிவிடும். ஏன் அழகு என்று கேட்டால் விழிக்கும்.

நான் குறுந்தொகையின் 40ஆம் பாடலிலிருந்து தொடங்குவேன். ஐந்தே அடிகள். பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம், என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவு என்றெல்லாம் கேட்டுவிட்டு, ‘செம்புலப் பெயல்நீர் போல’, அதாவது செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல, நம் நெஞ்சங்கள் கலந்தன என்கிறான் தலைவன். இயற்பெயர் தெரியாத அந்தப் புலவருக்கு இத்தொடரே பெயராகி, செம்புலப்பெயல்நீரார் என்று நின்றுவிட்டது.

செம்மண்ணையே பார்த்திராத பிள்ளைகளுக்காக, சென்ற ஆண்டு ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து கண்ணாடித் தம்ளரில் கரைத்துக் காட்டினேன். வகுப்பு முடிவதற்குள் மண் அடியில் படியத் தொடங்கியது. “மேம், பிரிஞ்சிடுச்சே, அப்போ உவமை தப்புதானே?” என்றாள் ஒரு மாணவி. நான் விடை சொல்லாமல், பாடலை மறுபடி சொல் சொல்லாகப் படித்துவரச் சொன்னேன். கவிஞர் வெறுமனே ‘நீர்’ என்னாமல் ‘பெயல்நீர்’ என்றிருக்கிறார், தம்ளரில் தேங்கிய நீர் தெளியும், நிலத்தில் பெய்த மழையோ மண்ணுக்குள் இறங்கிவிடும், அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது, பிரிவுக்கு அஞ்சுகிறவளுக்கு இதைவிட வேறு என்ன உறுதி வேண்டும் என்று அடுத்த வாரம் ஒரு பத்தி எழுதிவந்தாள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு கருத்து, அதற்குச் சான்றாகப் பாடலின் ஒரு சொல், அச்சொல் அங்கே என்ன செய்கிறது என்ற விளக்கம்: இத்தகைய மூன்று நான்கு பத்திகள் சேர்ந்தால் கட்டுரை தானே உருவாகும், முன்னுரையைக் கடைசியில் எழுதினால் போதும். பேசும்போது இந்தி கலந்தாலும் நான் தடுப்பதில்லை. ஒற்றுப்பிழைகளை இரண்டாம் படியில்தான் திருத்துவேன். முதல் படியின் ஓரத்தில், ‘எந்தச் சொல்லை வைத்து இப்படிச் சொல்கிறாய்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுப்பேன்.