புள்ளியியல் படித்தால் கணக்குப்பிள்ளை வேலைதானா?

வணக்கம்ங்க. ஞாயிற்றுக்கிழமை கோபியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். இருந்த ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் நீங்கள்தான் பேசினீர்கள், அம்மிணி வாய் திறந்தது கடைசியில்தான். அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

"பி.எஸ்சி. புள்ளியியல் படிச்சா கணக்குப்பிள்ளை வேலைக்குத்தானுங்க போகணும்? டேட்டா சயின்ஸ்னு போட்ட இன்ஜினீயரிங் காலேஜ்ல சேர்த்திரலாமுங்களா?" என்று கேட்டீர்கள். புள்ளியியலுக்கே போகட்டுங்க. பெயர்ப்பலகை புதிதாக இருக்கிறது என்பதற்காக நான்கு வருஷ ஃபீஸ் கட்ட வேண்டாம்.

அம்மிணி சொன்ன அம்மிச்சி (அவள் அம்மாவின் அம்மா) கதைதான் எனக்கு நம்பிக்கை தந்தது. மறதிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டார்களாம். "ஆடி நோம்பி போயி எட்டு நாளாச்சு" என்றாராம் அம்மிச்சி. எண்ணிப் பார்த்தால் சரிதான். ஆனால் மதிப்பெண் பூஜ்ஜியம். "அது எப்படிங்க சார் தப்பாகும்?" என்றாள். மறதி நோயைப் புள்ளியியலால் அளக்கும் துறையில் இருப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி அது. 1975-இல் வந்து இன்றும் புழங்கும் 30 மதிப்பெண் நினைவாற்றல் சோதனையில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கு நோயே இல்லாமலும் மதிப்பெண் போகும். அதனால் ஒரு நாள் எடுத்த மதிப்பெண்ணைவிட, வருஷா வருஷம் அது எப்படி இறங்குகிறது என்பதுதான் முக்கியம்.

அந்த இறக்கத்தைக் கணக்கிடுவது எப்படி? நம்ம ஊர் போர்வெல் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போரிலும் தண்ணீர் ஒவ்வொரு ஆழத்தில் இருக்கும், இறங்கும் வேகமும் வேறு வேறு. ஊருக்கே ஒரு கோடு போட்டால் எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தாது. ஊருக்கு ஒரு கோடு, அதிலிருந்து ஒவ்வொரு போரும் எவ்வளவு விலகுகிறது என்று இரண்டையும் சேர்த்துக் கணிப்பதைக் கலப்பு விளைவு மாதிரி என்பார்கள். லேர்ட், வேர் என்ற இருவர் 1982-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். இன்னொரு சிக்கலும் உண்டு. வற்றிய போரை யாரும் அளக்கப் போவதில்லை. மிச்சத்தை மட்டும் சராசரி போட்டால் தண்ணீர் ஏறிவிட்டதுபோலத் தெரியும். ஆய்விலும் அப்படித்தான். நோய் முற்றியவர்கள் அடுத்த சோதனைக்கு வருவதில்லை, சிலர் இறந்தும் போகிறார்கள். இருப்பவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நோய் மெதுவாகப் போவதாகத் தோன்றும். இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் தேவை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்ற இந்த மறதி நோய் இருப்பதாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுராவில் கிராமத்து மக்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவருகிறது. மறதி நோயின் வேகத்தைக் குறைக்க வந்த லெகனெமாப் என்ற மருந்தைச் சுமார் 1,800 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் 18 மதிப்பெண் அளவுகோலில் கிடைத்த வித்தியாசம் 0.45. அது நிஜமா, தற்செயலா என்று சொல்வது புள்ளியியல்காரர் வேலை. நோயாளிக்கு அது பெரிய வித்தியாசமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாக்குவாதம், அது தனிக்கதை.

இனி படிப்பு. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் உங்கள் பயம் பாதி பலித்துவிடும், அதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. கட்டாயம் வேண்டும். பாரதியார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவத் தரவுகளுக்கான உயிர்ப்புள்ளியியல் எம்.எஸ்சி. இரண்டு வருஷம். ஐ.ஐ.டி. வேண்டுமென்றால் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் எழுத வேண்டும். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம், முதல் வருஷமே பழகட்டும். வேலை பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னைப் பக்கம்தான், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். புள்ளியியல் லேபில் பிள்ளைகள் நிஜத் தரவைக் கையாளுகிறார்களா என்று அம்மிணியையே கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. தினமும் சாயங்காலம் அம்மிச்சியிடம் அதே கேள்விகளைக் கேட்டு நோட்டில் மதிப்பெண் போடுகிறாளாம். நிறுத்தச் சொல்லுங்கள். கேட்டதையே கேட்டால் பழக்கத்தில் மதிப்பெண் ஏறி, டாக்டரின் அடுத்த சோதனை கெட்டுப்போகும். அம்மிச்சிக்கும் சலிப்பாக இருக்கும். அந்த நேரத்தில் பழைய கதை ஏதாவது கேட்கட்டும்.